டை காப்

டை காப் (டிசம்பர் 18, 1886 – ஜூலை 17, 1961) என்று பரவலாக அறியப்படும் டைரஸ் ரேமண்ட் காப், ஐக்கிய அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த அடிபந்தாட்ட வீரர் ஆவார். 1936 ஆம் ஆண்டில் அடிபந்தாட்டப் புகழவைக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவருள் மிகுதியான வாக்குகள் (226இல் 222) பெற்றவர் இவரே. ரசிகர்கள் அஞ்சலில் அனுப்பிய அட்டைகளிலும் படங்களிலும் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பியமைக்காகவும் சேகரிப்பாளர்களிடையே அறியப்படுகிறார்.

இளமையும் ஆட்டமும்

காப் ராய்ஸ்டன் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். மாநில மேலவை உறுப்பினராகவும் இருந்தவர். 1905 ஆகஸ்டில் தாயின் துப்பாக்கிச் சூட்டில் தந்தை இறந்தார். வீட்டுக்குள் நுழைய முயன்ற அயலார் என எண்ணிச் சுட்டதாகத் தாய் கூறினார். 1906இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தந்தை இறந்த ஏறத்தாழ மூன்று வாரங்களில், 18 வயதுக் காப் டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்காகத் தம் முதல் ஆட்டத்தை ஆடினார்.

1926 வரை டெட்ராய்ட்டிலும், பின்னர் இரண்டு ஆண்டுகள் பிலடெல்பியாவிலும் ஆடினார். இவருடைய .366 என்னும் வாழ்நாள் மட்டையடிச் சராசரி நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது. கறுப்பினத்தவர் கூட்டிணைவுகளின் கணக்குகள் 2024இல் சேர்க்கப்பட்டபோது, ஜோஷ் கிப்சன் அவ்விடத்தைப் பெற்றார்.

இவர் சினம் மிக்கவர் என்பதில் ஐயமில்லை. 1912இல் நியூயார்க்கில் தம்மை இழித்துக் கூவிய பார்வையாளர் ஒருவரைத் தாக்கினார். அவர் கைவிரல்களை இழந்தவர். காப் இடைநீக்கம் செய்யப்பட, அணியினர் ஆட மறுத்தனர். அவசரமாகத் திரட்டப்பட்ட மாற்று அணி 24–2 எனத் தோற்றது.

அட்டைகளும் அஞ்சலும்

1909–1911 காலத்தில் சிகரெட்டுப் பெட்டிகளுடன் வெளிவந்த டி206 அட்டை வரிசையில் காப்பின் படம் நான்கு வடிவங்களில் இடம்பெற்றது. அவ்வட்டைகளில் கையொப்பத்துடன் எஞ்சியவை மிகக் குறைவு. ஓய்வுக்குப் பின் கலிபோர்னியாவின் ஆத்தர்ட்டன் நகரில் வாழ்ந்த காலத்தில் அவருக்கு ஏராளமான கடிதங்கள் வந்தன. கையொப்பம் வேண்டுவோர், படத்தையோ கூப்பர்ஸ்டவுன் அருங்காட்சியகத்தில் விற்கப்பட்ட புகழவை அஞ்சலட்டையையோ கடிதத்துடன் அனுப்புவர். தம் முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறை ஒன்றையும் உள்ளே வைப்பர். 1932 முதல் 1958 வரை உள்நாட்டுக் கடிதத்திற்கு 3 செண்டு அஞ்சல்தலை போதுமானதாக இருந்தது.

காப் பெரும்பாலும் பச்சை மையில் கையொப்பமிட்டார். சிலருக்கு ஐந்து பக்கம் வரை கைப்பட மறுமொழி எழுதினார். கையொப்பம் கேட்டதைத் தமக்குக் கிடைத்த மதிப்பாகக் குறிப்பிட்டு நன்றியும் கூறினார்.

அஞ்சல்தலைக் கதை

ஆனால் இறப்புக்குப் பின் பரவிய கதையோ நேர்மாறானது. சிறுவர்கள் அனுப்பிய உறைகளிலிருந்து அஞ்சல்தலைகளைப் பிரித்துத் தாமே பயன்படுத்திக்கொண்டு, மறுமொழி அனுப்பாமல் விட்டார் என்பதே அது. கோக்கா கோலா பங்குகளால் பெருஞ்செல்வரான ஒருவர் 3 செண்டுக்காக இவ்வாறு செய்தார் என்பதைப் பலரும் நம்பினர். தம் ஊரில் மருத்துவமனை அமைக்கவும் (1950), மாணவர் கல்வி நிதி நிறுவவும் (1953) பொருள் அளித்தவரும் இவரே.

காப்பின் தன்வரலாற்றை உடனிருந்து எழுதிய ஆல் ஸ்டம்ப், 1961 இறுதியில் வெளியிட்ட இதழ்க் கட்டுரையில் அவரைக் குடியும் கஞ்சத்தனமும் துப்பாக்கியுமாகச் சித்தரித்தார். 1994இல் வந்த திரைப்படமும் அச்சித்திரத்தையே பின்பற்றியது. எஞ்சியிருந்த கடிதங்களையும் அக்கால நாளிதழ்களையும் ஆராய்ந்த சார்லஸ் லீர்சன், 2015இல் வெளியிட்ட நூலில் அஞ்சல்தலைக் கதை உள்ளிட்ட பலவற்றை மறுத்தார்.

போலிகள்

ஸ்டம்ப் வழியாகச் சேகரிப்புச் சந்தைக்கு வந்த காப்பின் கடிதங்கள் பல போலியானவை என்று ஆய்வாளர்கள் குற்றஞ்சாட்டியுள்ளனர். கூப்பர்ஸ்டவுனில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த 1946 ஆம் ஆண்டு நாட்குறிப்பும் போலி எனக் கண்டறியப்பட்டது. எனவே பச்சை மை மட்டும் சான்றாகாது. ரசிகருக்கு வந்த கடிதம், அஞ்சல் முத்திரை பதிந்த உறையுடன் அவர் குடும்பத்திலேயே பாதுகாக்கப்பட்டிருந்தால், சேகரிப்பாளர்கள் அதைக் கூடுதல் நம்பிக்கையுடன் ஏற்கின்றனர்.