ஒரே ராத்திரியில் 3 சாவு... டாக்டரானார் ஐடா!

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் யாருக்காவது பெரிய வியாதி வந்தால், பெங்களூருக்கா வேலூருக்கா என்பதுதான் வீட்டில் முதல் பேச்சு. அந்த வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர் ஐடா ஸ்கட்டர்.

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா, அப்பா எல்லாம் மிஷன் டாக்டர்கள். ஆனால் ஐடாவுக்கு அமெரிக்காவிலேயே செட்டிலாகி விடணும் என்று ஆசை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் திண்டிவனம் வந்தார். அப்போது வயது 20 இருக்கும்.

ஒருநாள் ராத்திரி, ஒருவர் பின் ஒருவராக 3 பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிக்கும் பிரசவ வலி, ஆபத்தான நிலை. டாக்டரான அப்பாவை அனுப்புகிறேன் என்றார் ஐடா. ஆம்பளை டாக்டர் வேண்டவே வேண்டாம் என்று 3 பேரும் திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்தபோது 3 பெண்களும் உயிரோடு இல்லை. பக்கத்திலேயே டாக்டர் இருந்தும் வைத்தியம் கிடைக்கவில்லை!

அமெரிக்கா போய் 1899-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1900-ல் வேலூர் திரும்பி, வீட்டில் ஒரு சின்ன அறையில் வைத்தியம் பார்த்தார். 1902-ல் 40 படுக்கையோடு பெண்களுக்கான ஆஸ்பத்திரி வந்தது.

வேறொருவர் என்றால் அதோடு திருப்திப்பட்டிருப்பார். படுக்கை நிரம்பினால் போதுமா? கிராமத்துக்காரர்கள் முற்றிய பிறகுதான் வந்தார்கள், பலர் வரவே இல்லை. ஒருநாள் போனால் ஒருநாள் கூலி போச்சு. ஷிப்டை விட முடியாமல் ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடும் சிப்காட் தொழிலாளிக்கு இது நல்லாவே புரியும்.

1906-ல் ஐடாவே ரோட்டுக்கு இறங்கிவிட்டார். வாரம் ஒருநாள் மருந்துப் பெட்டியோடு குடியாத்தம் ரோட்டில் வண்டி போகும். மரத்தடியில் ஜனம் காத்திருக்கும். புண்ணுக்குக் கட்டு, கண்ணுக்கு மருந்து, எல்லாம் அங்கேயே. 1909-ல் கார் வந்தது. பிசாசு என்று பயந்து ஓடியவர்களும் உண்டு!

ஆனால் ஒரே டாக்டர் எத்தனை மரத்தடிக்குப் போக முடியும்? 1909-ல் நர்சிங் பள்ளி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். யார் படிக்க வருவார்கள் என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். வந்த விண்ணப்பம் 151. 1922-ல் முதல் செட்டில் 14 பேர் தேறினார்கள்.

1960 மே மாதம் கொடைக்கானலில் ஐடா காலமானார். வயது 89. அவர் வண்டி போன அதே குடியாத்தம் பக்கம், கே.வி.குப்பத்தில், 1977-ல் சி.எம்.சி. தனது கிராம சுகாதார மையத்தைத் தொடங்கியது.