செல்வ வரி கொண்டுவந்த சென்னை வணிகர்: இருமுறை பதவி விலகிய டி.டி.கே.

ஐரோலி: மத்திய பட்ஜெட் தாக்கலாகும் பிப்ரவரி 1-ஆம் தேதியன்று, நவி மும்பையின் ஐரோலியில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் பணிபுரியும் தமிழர்கள் முதலில் தேடுவது வருமான வரி விலக்கு வரம்பைத்தான். 2025-ஆம் ஆண்டு புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என அறிவிக்கப்பட்டது. விலக்கு உயர்வது பழகிப்போன இன்றைய ஊதியதாரர்களுக்கு, அந்த வரம்பைக் குறைத்த ஒரு நிதியமைச்சரின் வாழ்க்கை வியப்பளிக்கக்கூடும். அவர் டி.டி.கே. என அறியப்பட்ட டி.டி. கிருஷ்ணமாச்சாரி.

1899 நவம்பர் 26 அன்று சென்னையில் நீதிபதி குடும்பத்தில் பிறந்த அவர், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, 1928-இல் நுகர்பொருள் விநியோக நிறுவனத்தைத் தொடங்கினார். 1937-இல் சென்னை மாகாண சட்டப்பேரவைக்குச் சுயேச்சையாகத் தேர்வானார். காங்கிரஸில் சேர்ந்தது அதன் பிறகே. அரசியலமைப்பு வரைவுக் குழுவிலும் இடம்பெற்ற அவர், 1952-இல் நேரு அமைச்சரவையில் வணிகம், தொழில் துறைகளின் பொறுப்பை ஏற்றார்.

அவரை நிதியமைச்சராக்கியதில் பம்பாய்க்கும் பங்குண்டு. பம்பாய் நகரை மகாராஷ்டிரத்துடன் இணைக்காமல் மத்திய ஆட்சிப் பகுதியாக்கும் முடிவை எதிர்த்து, நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் 1956 ஜூலையில் விலகினார். அடுத்த மாத இறுதியில் அந்தப் பொறுப்பு டி.டி.கே.யிடம் வந்தது.

அப்போது கஜானா நெருக்கடியில் இருந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் பொதுத்துறைக்கென 4,800 கோடி ரூபாய் ஒதுக்கத் திட்டமிடப்பட்டிருந்தது. அணைகள், உருக்காலைகள், பள்ளிகள், மருத்துவமனைகள் எனச் செலவு விரிய, அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்தது. இந்திய வரி முறையை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டார், 1956-இல் ஒரு பரிந்துரையை அளித்திருந்தார். வருமான வரியின் உச்ச விகிதத்தை 45 சதவீதமாகக் குறைத்துவிட்டு, சொத்து, செலவு, நன்கொடை, மூலதன ஆதாயம் ஆகியவற்றின் மீது வரி விதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். வரிக் குறைப்பும் புதிய வரிகளும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்றை விட்டு மற்றொன்றை எடுத்தால் கணக்கு மாறிவிடும்.

கணக்கு மாறத்தான் செய்தது. 1956 நவம்பரில் மூலதன ஆதாய வரிக்கு உயிரூட்டிய டி.டி.கே., 1957 மே 15-இல் தாக்கல் செய்த பட்ஜெட்டில் செல்வ வரியையும் செலவு வரியையும் அறிவித்தார். ஏறத்தாழ 92 சதவீதமாக இருந்த உச்ச வருமான வரியைக் குறைத்தார். ஆனால் உழைத்து ஈட்டிய வருமானத்துக்கு 77 சதவீதம், மற்றவற்றுக்கு 84 சதவீதம் என்ற அளவிலேயே நிறுத்திக்கொண்டார். அதே பட்ஜெட்டில் வரி விலக்கு வரம்பு ஆண்டுக்கு 4,200 ரூபாயிலிருந்து 3,000 ரூபாயாக இறங்கியது. மாதம் 250 ரூபாய்க்குச் சற்று மேல் ஈட்டிய மாதுங்கா எழுத்தரும் வரி வளையத்துக்குள் வந்தார். சர்க்கரை, தேயிலை போன்றவற்றின் உற்பத்தி வரியும் உயர்ந்தது.

செல்வந்தர்களை ஒடுக்குகிறார் என வலதுசாரிகளும், ஏழையின் அடுப்பங்கரையில் கைவைக்கிறார் என இடதுசாரிகளும் சாடினர். இரு தரப்பின் வாதத்திலும் பாதி உண்மை இருந்தது. பெரு வரிகளையும் உரிம ஆட்சியையும் எதிர்த்து ராஜாஜி 1959-இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கியபோது, இந்தச் சர்ச்சைக்குத் தனிக் கட்சியே கிடைத்தது.

அதற்கு முன்பே டி.டி.கே. வீழ்ந்துவிட்டார். காரணம் வரியல்ல. ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1957 ஜூனில் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியதை மக்களவையில் கிளப்பியவர் ஆளுங்கட்சி உறுப்பினரும் பிரதமரின் மருமகனுமான ஃபெரோஸ் காந்தி. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா பம்பாயில் வெளிப்படையாக விசாரணை நடத்தினார். திரண்ட கூட்டத்துக்காக ஒலிபெருக்கிகள் பொருத்தப்பட்டன. துறைச் செயலாளரின் செயலுக்கு அமைச்சரே அரசியலமைப்பு ரீதியில் பொறுப்பு என்றது அறிக்கை. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. விலகினார். அந்த ஆண்டு பட்ஜெட்டை நேருவே தாக்கல் செய்து நன்கொடை வரியை அறிவிக்க நேர்ந்தது.

1962-இல் திருச்செந்தூரில் போட்டியின்றித் தேர்வான அவர், 1963-இல் மீண்டும் நிதியமைச்சரானார். மொரார்ஜி தேசாய் நீக்கியிருந்த செலவு வரியை 1964-இல் மறுபடியும் கொண்டுவந்தார். அதே ஆண்டு பம்பாயில் யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியாவும் தொழில் வளர்ச்சி வங்கியும் தோன்றின. வரி வாங்கிய அதே நடுத்தர வர்க்கத்துக்கு 10 ரூபாய் யூனிட்டுகள் மூலம் பங்குச் சந்தையின் கதவையும் அவர் காலத்து அரசு திறந்துவிட்டது; அவரைப் பற்றிய பேச்சில் இது ஏனோ அதிகம் இடம்பெறுவதில்லை.

மகன்களின் நிறுவனங்கள் தொடர்பான குற்றச்சாட்டுகளைத் தலைமை நீதிபதியின் பார்வைக்கு வைக்கப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி விரும்பியதை ஏற்காமல், 1965 டிசம்பர் 31-இல் இரண்டாம் முறையாக விலகினார். 1974 மார்ச் 7 அன்று காலமானார்.

சொற்பமே ஈட்டித்தந்த செலவு வரி 1966-இல் கைவிடப்பட்டது. செல்வ வரி 2015-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் ரத்தானது. வசூலிக்கும் செலவுக்கு வருவாய் ஈடாகவில்லை என்பது அரசு சொன்ன காரணம். அதற்கு மாற்றாக, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டுவோர் மீது 2 சதவீதக் கூடுதல் உபரி வரி விதிக்கப்பட்டது.