மானிப்பாய் வைத்தியர் கிறீன்

ஒருவருடைய சமயக் கொள்கை நமக்கு உடன்பாடன்றாயினும், அவர்பாலுள்ள நற்குணத்தை நற்குணமென்றே கொள்ளுதல் அறிவுடையோர் கடனாம். கிறிஸ்து சமயத்தைப் பரப்புதற்பொருட்டு அமெரிக்காவினின்றும் இளம் பிராயத்திலே யாழ்ப்பாணத்துக்கு வந்து, மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழிலே ஆக்கித் தந்து சென்ற சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவருடைய சரித்திரத்தைச் சைவப்பாடசாலை ஆசிரியர்களுக்கு நாம் எடுத்துரைக்கப் புகுந்தது அக்கருத்துப்பற்றியே. மிஷன் பாடசாலையிலே கல்வி பயின்ற நாம் அவர் பெயரை இளமையிலேயே கேட்டுள்ளோம். ஆயின் அங்கே கேட்டது சமயத்தொண்டராகிய கிறீனைப்பற்றியே. தமிழ்த்தொண்டராகிய கிறீனை நூல்களின் வாயிலாகப் பின்னரே அறிந்தோம்.

கிறீன் 1822-ம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10-ந் திகதி அமெரிக்க ஐக்கிய நாட்டிலே மசச்சூசெற்ஸ் மாகாணத்து வூஸ்ரர் நகரிலே பிறந்தார். கிறீன் ஹில் என்பது அவர் குடும்பத்தாரின் பண்ணை. அவருக்கு இரண்டு வயது மூத்த தமையனாராகிய அன்றூ ஹஸ்வெல் கிறீன் என்பவர் பிற்காலத்தில் நியூ யோர்க் நகரத்தைப் பெருநகராக ஒன்றுசேர்த்தவருள் தலைமை பெற்றவர். அவ்வாறே புகழும் பொருளும் தேடற்குரிய வழி இளையவருக்கும் திறந்தே கிடந்தது. கிறீன் 1845-ம் ஆண்டிலே நியூ யோர்க் நகரத்து வைத்தியக் கல்லூரியிற் கற்று வைத்தியப் பட்டம் பெற்றனர். ஆயினும் அந்நகரிலே தொழில் நடத்திப் பொருளீட்டுதலை விரும்பாது, அமெரிக்க மிஷன் சங்கத்தாருக்குத் தம்மை ஒப்புவித்தனர். அவர் பிறந்த அதே 1822-ம் ஆண்டு டிசம்பர் மாதத்திலேதான் நல்லூரிலே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவதரித்தனர் என்பதை நம் ஆசிரியர்கள் மனத்திற் கொள்வார்களாக.

1847-ம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே கிறீன் பொஸ்ரன் துறைமுகத்திற் பாய்க்கப்பல் ஏறினார். சுயஸ் கால்வாய் அக்காலத்தில் இல்லை. அது 1869-ம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. ஆதலால் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பல மாதங் கடலிலே கழித்துச் சென்னையை அடைந்து, ஒக்டோபர் மாதத்திலே யாழ்ப்பாணம் சேர்ந்தனர். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. தாயகத்துக்கு எழுதும் ஒரு கடிதத்துக்கு மறுமொழி வருதற்குப் பல மாதங்கள் சென்ற காலம் அது. தந்தையும் உடன்பிறந்தாரும் நலமாயிருக்கின்றனரென்று அவர் வாசித்த செய்தி, வாசிக்கும்போதே பழையதாயிருக்கும்.

அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816-ம் ஆண்டில். கிறீனுக்கு முன்னரே ஸ்கடர் என்பவர் பண்டத்தரிப்பிலும் உவாட் என்பவர் வட்டுக்கோட்டையிலும் வைத்தியம் செய்திருந்தனர். கிறீனும் சில காலம் வட்டுக்கோட்டையில் இருந்து, 1848-ம் ஆண்டிலே மானிப்பாயை இருப்பிடமாகக் கொண்டனர். அம்மானிப்பாய் தமிழுக்குப் புதிய ஊரன்று. அங்கிருந்த மிஷன் அச்சுக்கூடத்திலேதான் 1841-ம் ஆண்டு உதயதாரகைப் பத்திரிகை தோன்றியது. 1842-ம் ஆண்டு மானிப்பாய் அகராதியும் வெளிப்பட்டது. சொற்களைத் தொகுத்து வைத்திருந்த ஊருக்கு, அச்சொற்களைக்கொண்டு ஒரு சாத்திரத்தையே எழுதக் கருதிய இளைஞர் வந்து சேர்ந்தனர்.

மானிப்பாயில் அவர் நாட்கள் கழிந்தவாறு இதுவாகும். காலையிலே நோயாளர் பல ஊர்களினின்றும் வந்து வைத்தியசாலையிற் கூடுவர். முதலிலே கிறிஸ்துவேதம் வாசிக்கப்பட்டுப் பிரார்த்தனை நடக்கும், அதன்பின்னரே மருந்து. நோய் தீர்க்க வந்தவன் செவியிலே தம் சமயத்தையும் புகுத்துதல் அவருடைய நோக்கத்தில் ஒரு பகுதியாகவே இருந்தது. அதனை அவர் மறைத்தவரல்லர், நாமும் மறைக்க வேண்டியதில்லை. அதன்பின் புண்ணும் கட்டியும் காய்ச்சலும் பேதியுமாக வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். மிஷனைச் சேர்ந்த குடும்பங்களுக்கும் அவரே வைத்தியர். மாணவருக்குப் பாடஞ் சொல்லுதல், அழைத்த இடங்களுக்குச் சென்று பார்த்தல், தமிழ் கற்றல் என்பன எஞ்சிய பொழுதைக் கொண்டன. தமிழை ஏட்டளவிற் கற்று நிறுத்தாது, நோயாளி தன் நோவைச் சொல்லும் சொற்களையே கேட்டுக் கற்றமையால், பின்னாளிலே அவர் நூல் செய்தபோது அச்சொற்கள் அவருக்குக் கைகொடுத்தன.

1850-ம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பட்டினத்தில், அரசாங்க ஏசண்டராகிய டைக் துரையின் முயற்சியால் ஒரு வைத்தியசாலை அமைந்தது. கிறீன் அதற்கும் தம் உதவியை நல்கினார். இன்று யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையாய் விளங்குவது அதன் வழிவந்ததே. அவ்வாண்டுகளில் வாந்திபேதி என்னும் கொள்ளைநோய் அடிக்கடி தோன்றி ஊர்களை வருத்தியது. வீட்டைவிட்டு ஓடினவர்கள் பலர்; பிணத்தைத் தொட அஞ்சினவர்கள் பலர். அந்நோய்க்குக் காரணமாகிய கிருமியைக் கோக் என்னும் ஜெர்மானிய அறிஞர் நிறுவியது 1884-ம் ஆண்டளவிலேதான். ஆதலாற் கிறீன் கையிலிருந்த மருந்துகளின் வலி பெரிதன்று. நோய் கண்ட இடத்துக்குச் செல்லுதலையும், செல்லும்படி மாணவரைப் பழக்குதலையுமே அவர் செய்யக்கூடியதாயிருந்தது. அதனை அவர் செய்தனர்.

மருந்து கொடுத்தலினும் வைத்தியரை உண்டாக்குதலே மேலானதென்று அவர் தொடக்கத்திலேயே துணிந்தார். 1848-ம் ஆண்டிலேயே மானிப்பாயில் ஒரு வைத்திய வகுப்பை ஆரம்பித்தனர். கொழும்பிலே அரசாங்க வைத்தியக் கல்லூரி தோன்றியது 1870-ம் ஆண்டில்; மானிப்பாய் வகுப்பு அதற்கு இருபத்திரண்டு ஆண்டு முந்தியது. மானிப்பாயிலிருந்து சில கட்டை தூரத்திலுள்ள வண்ணார்பண்ணையிலே நாவலரவர்கள் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்ததும் அந்த 1848-ம் ஆண்டிலேயே. ஓராண்டிலே பிறந்த இருவர், இருபத்தாறு வயதளவிலே, எதிரெதிரான நோக்கங்களோடு, ஓராண்டிலே ஆசிரியத் தொழிலைத் தமக்கெனத் தொடங்கினர்.

வைத்திய வகுப்பு முதலில் ஆங்கிலத்திலேயே நடந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியிலே கற்றவர்களும் அதுபோன்ற கல்வியுடையவர்களும் அதில் மாணவராயினர். மிஷன் பாடசாலைகளிற் பொருளுதவி செய்த அமெரிக்கருடைய பெயர்களையே மாணவருக்கு இடும் வழக்கம் அக்காலத்திலிருந்தது. பெயர் மாறியது, பாஷை மாறியது, பின் உடையும் நடையும் மாறத் தொடங்கின. ஆங்கிலத்திலே வைத்தியம் கற்றுத் தேறியவர்களுக்கு அரசாங்க உத்தியோகமும் வெளியூர்ச் சம்பளமும் காத்திருந்தன. கிறீன் எந்த ஊர்களுக்காக அவர்களைப் பயிற்றினாரோ அந்த ஊர்களைவிட்டு அவர்கள் சென்றனர். தாம் விதைத்த பயிர் பிறர் நிலத்திலே விளைதலைக் கிறீன் கண்டார்.

1857-ம் ஆண்டிலே அவர் தாயகம் மீண்டு, சில ஆண்டுகள் அங்கே தங்கி, 1862-ம் ஆண்டிலே விவாகஞ் செய்து, மனைவியாரோடு அவ்வாண்டிலேயே மீட்டும் யாழ்ப்பாணம் வந்தனர். வந்தபின் 1864-ம் ஆண்டளவிலே வைத்திய வகுப்பைத் தமிழிலேயே நடத்தத் துணிந்தார். தமிழிலே கற்றவன் தமிழ்க் கிராமத்திலேயே தொழில் செய்வான். அவன் சொல்வது நோயாளிக்கு விளங்கும். அவன் அறிந்தது அவனோடு நில்லாது அயலாரிடத்தும் பரவும் என்பன அவர் கொண்ட காரணங்கள். தம் மாணவர் தமிழருடைய உடையையும் வழக்கங்களையும் கைவிடாது தமிழராகவே இருத்தல் வேண்டுமென்றும் அவர் விரும்பினார். ஆங்கிலம் கற்றலே உயர்வுக்கு வழியென்று நம்மவர் ஓடிய காலத்தில், ஆங்கிலத்தையே தாய்மொழியாகவுடைய ஒருவர் தமிழின் பக்கம் நின்றதை நினைக்குந்தோறும் நமக்கு வியப்பும் நாணமும் ஒருங்கே உண்டாகின்றன.

வகுப்புக்கு நூல்கள் வேண்டும். யாழ்ப்பாணத்துக்கெனச் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் அரசர் காலந்தொட்டே உள்ளன. மேனாட்டு முறையைத் தமிழிற் கற்பித்தற்கோ நூல்கள் இல்லை. கிறீன் இதனை முன்னரே உணர்ந்து மொழிபெயர்ப்பைத் தொடங்கியிருந்தார். கற்றர் என்பவருடைய நூலைத் தழுவி அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்னும் மூன்றையும் பற்றிய நூலொன்று முதலில் வந்தது. 1857-ல் பிரசவ வைத்தியம், 1867-ல் இரண வைத்தியம், 1872-ல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875-ல் கெமிஸ்தம், 1883-ல் மனுஷ சுகரணம் என்பன அச்சாயின. இந்திய மருந்துப் பொருள்களைக் கூறும் இந்து பதார்த்தசாரமும் அவ்வரிசையில் ஒன்று. எல்லாம் சேர்ந்து 4000 பக்கங்களுக்கு மேற்படும். அவரிடங் கற்று வைத்தியரான தமிழர் சிலர் இம்மொழிபெயர்ப்பிலே அவருக்குத் துணைநின்றனர். அவர்கள் உழைப்பின்றி இந்நூல்கள் முற்றுப்பெற்றிரா.

இந்நூற்பெயர்களை ஆசிரியர்கள் சிறிது உற்று நோக்குவார்களாக. உடலுறுப்புக்களை முறையாகக் கூறும் சாத்திரத்துக்கு அங்காதிபாதம் என்று பெயரிட்டமை, கேசாதிபாதம் என்னும் நம் பிரபந்த வழக்கை நினைப்பூட்டுகின்றது. இரணம், பிரசவம், பதார்த்தம் என்பன வடமொழிவழி வந்து தமிழிலே பயின்ற சொற்கள். கெமிஸ்தம் என்பதோ ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இயையத் திரித்தது. தமிழிலே சொல் உண்டாயின் அதனைக் கொள்ளுதல், இல்லையேல் வடசொல்லைத் தழுவுதல், அதுவும் பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தால் எழுதுதல் என்பது அவர் கைக்கொண்ட முறை. அவர் ஆக்கிய சொற்களுட் பல இன்று வழக்கில் இல்லை. கெமிஸ்தம் இன்று இரசாயனவியலாயிற்று. ஆயினும் சொல் இல்லையென்று சாத்திரத்தைத் தள்ளிவையாது, சொல்லைத் தேடிச் சாத்திரத்தைத் தமிழிற் கொணர்ந்த துணிவு வழக்கொழியத் தக்கதன்று. அருஞ்சொற்களின் தொகுதிகளையும் அவர் வெளியிட்டனர்.

அவரிடம் வைத்தியம் கற்றுத் தேறியவர் அறுபதுக்கு மேற்பட்டவர். அவருள் 33 பேர் தமிழிலே கற்றவர்கள். உடல் நலங் குன்றியமையால் 1873-ம் ஆண்டிலே கிறீன் மனைவி மக்களோடு தாயகம் திரும்பினார். திரும்பியும் தமிழை விட்டாரல்லர். கெமிஸ்தமும் மனுஷ சுகரணமும் அவர் வூஸ்ரரில் இருந்தபோதே வெளிவந்தன. சுற்றிலும் தமிழ் பேசுவார் ஒருவரும் இல்லாத ஊரிலே, பனி பெய்யும் நாட்களில், தமிழ்ப் பிரதிகளைத் திருத்திக்கொண்டிருந்த அம்முதியவரை நாம் மனத்தால் நினைத்துப் பார்த்தல் தகும். 1884-ம் ஆண்டு மே மாதத்திலே அவர் அங்கேயே காலஞ்சென்றார். தமிழருக்கு வைத்தியஞ் செய்து சுவிசேஷத்தை அறிவித்தவர் என்பதே தமது கல்லறையிற் பொறிக்கத்தக்கதென்று அவர் விரும்பியிருந்தனர். மானிப்பாயிலுள்ள வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இனி இச்சரித்திரத்திலே கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும் யாவை? நோயுற்றவனுடைய தளர்ந்த நிலையைச் சமயம் மாற்றுதற்கு வாயிலாக்குதலை நாம் நேரியதென்று சொல்லோம். நம் சமயத்தின் ஆழத்தைக் கிறீன் அறிந்தவரல்லர். அறிய முயன்றவரென்றும் தோன்றவில்லை. யாழ்ப்பாணம் அவர் கருதியவாறு கிறிஸ்து சமயத்தின் வழிப்படவுமில்லை. இவையெல்லாம் உண்மை. ஆயின் பிறர் சமயத்தை மாற்ற வந்த ஒருவர், பிறருடைய பாஷையை மாற்றுதல் தகாதென்று கண்டு, அதற்காகத் தம் கைகளால் உழைத்ததும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தல் சரித்திரமாகாது. மிஷன் பாடசாலையார் முன்னதை மறைப்பர். நம்மவர் பின்னதை மறந்தனர்.

மறந்ததன் பயன் யாது? கிறீன் சென்றபின் சில ஆண்டுகளுக்குள் தமிழ் வைத்திய வகுப்பு நின்றது. அதனை நிறுத்தியவர் அவரல்லர். ஆங்கிலத்தாலே வரும் உத்தியோகத்தைப் பெரிதாக மதித்த காலமும், தமிழிலே கற்ற வைத்தியனைக் குறைவாக மதித்த நம்மவருமே அதற்குக் காரணம். நூல்கள் நூல்நிலையங்களில் அருகிக் கிடக்கின்றன. இன்று நம் பிள்ளைகள் உயர்தர வகுப்புவரை உயிரியலையும் இரசாயனவியலையும் தமிழிலே கற்கின்றனர். வைத்தியக் கல்லூரியின் வாயிலிலே தமிழை விட்டு உட்செல்கின்றனர். வைத்தியராய் வெளிவந்தபின், தம் நோயைத் தமிழிற் சொல்லும் முதியோருக்குத் தமிழிலே விளக்கஞ் சொல்ல இடர்ப்படுவோரும் உளர். 1864-ம் ஆண்டிலே ஓர் அந்நியர் கண்ட குறை இன்றும் தீர்ந்தபாடில்லை.

ஆசிரியர்காள்! பெரிய கல்லூரிகளின் பாடமுறையை மாற்றுதல் நம் கையில் இல்லை. நம் வகுப்பறை நம் கையில் உளது. உடலுறுப்புக்களையும் சுகாதாரத்தையும் கற்பிக்கும்போது, விளங்காத சொல்லை விளங்காதபடியே ஒப்பிக்கச் செய்யாது, அச்சொல் எங்கிருந்து வந்தது, அதன் பொருள் யாது என்று மாணாக்கருக்கு உரைப்போமாக. பழைய வைத்திய நூல்கள் எந்த வீட்டிலேனும் இருக்குமாயின், செல்லரிக்குமுன் அவற்றைக் கேட்டுப்பெற்றுப் பாடசாலை நூல்நிலையத்திலே சேர்ப்போமாக. கற்றுத் தேறி வெளியூர் செல்லும் மாணாக்கனிடத்து, கற்றதைத் தன் ஊராருக்குத் தமிழிலே சொல்லும் கடன் அவனுக்கு உண்டென்று ஒருமுறையேனும் சொல்லி அனுப்புவோமாக. கிறீனுக்கு வயது இருபத்தைந்து, மொழி புதிது, நாடு புதிது. நமக்கோ மூன்றும் சொந்தம்.