கடற்பறவைகளைத் தேடிய காங்கிரஸ் தந்தை

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல் பிரிவு)

காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர் யார் என்று கேட்டால், பள்ளிச் சிறுவனும் தயங்காமல் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் என்று விடை பகர்வான். ஒரு மதிப்பெண் வினாவாக நாமும் அதைப் பலமுறை எழுதியிருக்கிறோம். ஆனால் அதே ஹியூம், காங்கிரஸ் பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே நம் மேற்குக் கடலில் கப்பலேறிக் கடற்பறவைகளைத் தேடி அலைந்தவர் என்பதை வரலாற்றுப் பாடமும் சொல்வதில்லை, விலங்கியல் பாடமும் சொல்வதில்லை. இரண்டு பாடங்களுக்கும் நடுவில் விழுந்து கிடக்கும் அந்தப் பாதி வாழ்க்கையைக் கல்லூரி மலரில் எடுத்துவைக்க விழைந்ததன் விளைவே இக்கட்டுரை.

ஹியூம் 1829ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பிறந்தார். தந்தை ஜோசப் ஹியூம் ஸ்காட்லாந்துக்காரர். பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் சீர்திருத்தத்துக்காக ஓயாமல் வாதாடியவர். மகன் 1849ல் வங்காள சிவில் சர்வீசில் சேர்ந்து, இன்றைய உத்தரப் பிரதேசத்திலுள்ள எடாவா மாவட்டத்துக்கு வந்தார். அங்கே அவர் முதலில் கைவைத்தது பள்ளிக்கூடங்களில். 1857க்குள் அந்த ஒரு மாவட்டத்தில் 181 பள்ளிகள். அவற்றில் 5,186 மாணவர்கள். அவர்களில் பெண்கள் இருவரே. அந்த இருவரையும் கணக்கில் விடாமல் சேர்த்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணுவதும் எழுதிவைப்பதும் அவருடைய பிறவிக் குணங்கள் போலும். தம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள் நம்மில் பாதிப் பேருக்கு மேல். அந்த எண்களின் அருமை நமக்குத் தெரியும்.

1857ல் புரட்சி வெடித்தது. ஹியூம் ஆக்ராக் கோட்டையில் அடைக்கலம் புக நேர்ந்தது. அதுவரை அவர் சேர்த்துவைத்திருந்த பறவை மாதிரிகள் அந்தக் கலவரத்தில் அழிந்தன. பின்னர் படையுடன் திரும்பி எடாவாவைப் பிடித்தார். அவர் அன்னிய ஆட்சியின் அதிகாரி; நம் நாட்டுக் கிளர்ச்சிக்காரரை எதிர்த்துப் போரிட்டவர். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாகாது. ஆயினும் புரட்சிக்குக் காரணம் ஆங்கிலேயரின் திறமையின்மையே என்று சொல்லும் துணிவும் அவருக்கு இருந்தது.

அழிந்த சேகரிப்பை அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். 1871ல் வருவாய், வேளாண்மை, வணிகத் துறையின் செயலாளராகி, சிம்லாவில் ஜாக்கோ மலைமேல் ராத்னி காசில் என்ற மாளிகையை வாங்கி, அதையே பறவை அருங்காட்சியகமாக மாற்றினார். ஆனால் மலைமேல் அமர்ந்து கடற்பறவையைக் காண முடியுமா? காட்டுப் பறவைக்குக் காடு ஏறலாம். குளத்துப் பறவைக்கு நம் தேரூர்க் குளக்கரையில் நின்றால் போதும். கடற்பறவைக்கோ படகு வேண்டும், காலம் வேண்டும், குமட்டலைத் தாங்கும் வயிறும் வேண்டும். ஆண்டில் பெரும்பகுதியை நடுக்கடலிலே கழிக்கும் இனங்கள் அவற்றில் பல. முட்டையிட மட்டுமே ஏதோ ஒரு தீவுக்கு ஒதுங்கும். கடல் நீரைக் குடித்தே உயிர் வாழும். கண்ணுக்கு மேலுள்ள சுரப்பி, குருதியில் மிகுந்த உப்பைப் பிரித்து மூக்கு வழியே சொட்டுச் சொட்டாக வெளியேற்றிவிடுகிறது. கரையில் நிற்பவன் இவற்றைக் காண்பது, புயலிலோ பருவக்காற்றிலோ களைத்து ஒதுங்கிய ஒன்றிரண்டை மட்டுந்தான்.

சிந்துப் பகுதியில் 1871ன் இறுதியில் தொடங்கிய பயணத்தின் தொடர்ச்சியாக 1872ல் ஹியூம் அரபிக் கடலில் இறங்கினார். குவாடருக்கும் மஸ்கட்டுக்கும் இடைப்பட்ட கடலில், மேலே கரும்பழுப்பும் கீழே வெள்ளையுமாக, இறக்கையை விறைத்து அலையின் விளிம்பை உரசிச் செல்லும் சிறு பறவை ஒன்றைக் கண்டார். அதை அறிவியலுக்குப் புதிய இனமாக அறிவித்தார். பாரசீக ஷியர்வாட்டர் எனப்படும் அப்பறவையின் அறிவியல் பெயருக்குப் பின்னால் இன்றும் ஹியூமின் பெயரே நிற்கிறது. ஓமானை அடுத்த தீவுகளிலும் சொகோத்ராவிலும் பாறை இடுக்குகளில் முட்டையிட்டு, அரபிக் கடல் முழுவதையும் மேய்ச்சல் நிலமாகக் கொண்ட பறவை அது.

1873ல் அவர் அந்தமான், நிக்கோபார் தீவுகளுக்குச் சென்றார். ஸ்டோலிக்ஸ்கா, வாலன்டைன் பால் முதலிய நிலவியல் அறிஞர்கள் உடன் சென்றனர். நார்கொண்டாம் என்னும் ஒரே ஒரு சிறு தீவைத் தவிர உலகில் வேறெங்கும் காணப்படாத இருவாச்சிப் பறவையை உலகறியச் செய்தது அப்பயணத்தின் பயன்.

நமக்கு நெருக்கமான பயணம் மூன்றாவது. 1875ன் தொடக்கத்தில் ‘கிளைடு’ என்ற கடலளவைக் கப்பலில் லட்சத்தீவுகளுக்குப் புறப்பட்டார். அரசாங்கத் தாளில் எழுதப்பட்ட நோக்கம் வேறு: தீவுகளையும் மணல் திட்டுகளையும் பார்வையிடுவது, ஆழம் அளப்பது, கலங்கரை விளக்குக்கு இடம் தேர்வது. ஹியூம் கப்பலேறிய நோக்கத்தை உய்த்துணர அதிக அறிவு தேவையில்லை! அரசு வேலையும் நடந்தது, பறவை வேலையும் நடந்தது. பவளத் திட்டுகளும், ஆலாக்கள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் பிட்டி போன்ற மணல் தீவுகளும் சிதறிக் கிடக்கும் கடல் அது. நம் மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் சுறா வேட்டைக்குத் தங்கல் போகும் கடலும் அதுவே. கல்லூரியில் இதைச் சொன்னால் நண்பர்கள் வியக்கிறார்கள். அந்தக் கரையில் இதில் யாருக்கும் வியப்பில்லை. ஆலாக்கள் மொய்த்துப் பாயும் இடத்தில் மீன்கூட்டம் உண்டு என்பது அவர்களுக்குப் புத்தகம் வேண்டாத பாடம்.

லட்சத்தீவுகளையும் மேற்குக் கரையையும் பற்றிய ஹியூமின் நீண்ட அறிக்கை, 1872ல் அவரே தொடங்கிய ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ என்னும் பறவையியல் இதழில் 1876ல் வெளியாயிற்று. அதே தொகுதியில் இன்னொரு கட்டுரையும் உண்டு. அது போர்டில்லன் திரட்டிய, திருவிதாங்கூர் மலைப் பறவைகளின் பட்டியல். நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. நமக்கு மேற்கே கடலும் வடக்கே மலையும் ஒரே ஆண்டில், ஒரே தொகுதியில் இடம்பெற்றன என்பது எண்ணி மகிழத்தக்கது. நாடெங்கும் உள்ள வன அதிகாரிகள், பாதிரிமார்கள், தோட்டக்காரர்கள் ஆகியோரிடமிருந்து கடிதங்களும் மாதிரிகளும் சிம்லாவுக்குக் குவிந்தன. தோலுரித்துப் பதப்படுத்திய இந்திய வேலையாட்களின் பெயர்கள் மட்டும் பறவைப் பெயர்களில் ஏறவில்லை.

ஹியூமின் கடற்பயணங்களில் ஒரு குறை உண்டு என்பது என் தாழ்மையான கருத்து. 1872லும் 1875லும் அவர் அரபிக் கடலில் இருந்தது, கடல் அமைதியாக இருக்கும் மாசி மாதத்தை ஒட்டிய காலத்தில். நம் தென்மேற்குக் கரையோரம் கடற்பறவைகள் பெருவாரியாகக் கடந்து செல்வதோ ஆனி, ஆடி, ஆவணியில். கப்பல்காரர்கள் அஞ்சும் பருவக்காற்றுக் காலத்தில். அந்தக் குறை இன்னும் முழுதாக நீங்கவில்லை. கேரளத்தில் கண்ணூர்க் கரையிலிருந்து பறவை ஆர்வலர்கள் படகில் சென்று கடற்பறவைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். நம் மாவட்டத்துக்கு ஒரு தனி வசதி உண்டு. மீன்பிடித் தடைக்காலம் இங்கே இரண்டு. கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடலுக்கு ஜூன், ஜூலை. குளச்சல் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் நாட்களில் சின்னமுட்டம் விசைப்படகுகள் கடலுக்குப் போகின்றன. குமரிமுனைக்குத் தெற்கே, மீன்வளம் மிக்க வாட்ஜ் திட்டு இருக்கிறது. 1976ல் இலங்கையுடன் செய்துகொண்ட உடன்பாட்டால் இந்தியாவுக்கு உரியதென உறுதியான பகுதி அது. அங்கே எண்ணெயும் எரிவாயுவும் தேடும் திட்டத்தை நம் மீனவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்து வருகிறார்கள். எந்த மாதத்தில் எந்தப் பறவை அங்கே எத்தனை என்ற கணக்கு இருந்தால் அந்தக் குரலுக்கு அது எவ்வளவு துணையாக நிற்கும்!

கணக்கு தொலைந்தால் என்னவாகும் என்பதற்கு ஹியூமின் வாழ்க்கையே சான்று. மேலிடத்துக்குப் பிடிக்காத உண்மைகளை வெளிப்படையாகப் பேசியதால் 1879ல் செயலாளர் பதவியை இழந்தார். 1882ல் அரசுப் பணியை விட்டே விலகினார். இந்தியப் பறவைகள் அனைத்தையும் பற்றிய ஒரு பெருநூலை எழுதி முடிப்பதே அவருடைய எஞ்சிய ஆசை. இருபத்தைந்து ஆண்டுக் குறிப்புகள் கட்டுக்கட்டாகச் சிம்லா வீட்டில் இருந்தன. 1884ஐ ஒட்டிய குளிர்காலத்தில் அவர் சமவெளிக்கு இறங்கியிருந்தபோது, வேலையாள் ஒருவன் அந்தக் காகிதங்களில் பெரும்பாலானவற்றை எடுத்துக் கடைத்தெருவில் எடைக்குப் போட்டுவிட்டான். பருவத் தேர்வு முடிந்ததும் நம் நோட்டுகளை நாம் எடைக்குப் போடுகிறோமே, அப்படி! கடலையோ மிளகாயோ பொதிந்து எந்தெந்த வீட்டுக்குப் போயினவோ அந்தத் தாள்கள். அரபிக் கடலின் குறிப்புகளில், இதழில் அச்சேறியவை பிழைத்தன.

அந்த அடிக்குப் பிறகு ஹியூம் அந்நூலை மீண்டும் தொடங்கவில்லை. 1857ல் இழந்தபோது வயது 28. இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பிரம்மஞான சங்கத்தின் ஈர்ப்பால் அதற்கு முன்பே புலால் உண்பதையும், மாதிரிக்காகப் பறவைகளைச் சுடுவதையும் விட்டிருந்தார். தம் சேகரிப்பு முழுவதையும் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடையாக அளித்தார். 1885ல் பவுட்லர் ஷார்ப் என்னும் அறிஞர் சிம்லா வந்து, ஆணி பட்டுச் சேதமாகாதபடி ஆணியின்றிச் செய்த 47 தேவதாருப் பெட்டிகளில் அவற்றை அடைத்தார். மலையிலிருந்து இறக்கி, மாட்டு வண்டியில் ஏற்றி, பம்பாய்த் துறைமுகம் வழியாக அவை கடல் கடந்தன. பறவைத் தோல்களும் முட்டைகளுமாக ஏறத்தாழ 82,000. அருங்காட்சியகத்தில் இறுதியாகச் சேர்ந்தவை 75,577. நம் மண்ணிலும் கடலிலும் சேர்த்த செல்வம் நம் நாட்டில் தங்கியிருக்கலாகாதா என்று மனம் அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் பூச்சியும் ஈரமும் அரித்துக்கொண்டிருந்த அவ்வீட்டில் அவை இன்னும் எத்தனை காலம் தாங்கியிருக்கும்?

அதே 1885ஆம் ஆண்டின் டிசம்பர் 28ஆம் நாள், பம்பாயில் 72 பிரதிநிதிகளுடன் காங்கிரஸ் முதன்முறையாகக் கூடியது. முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் நம் தமிழகத்து ஜி. சுப்பிரமணிய ஐயர். பெட்டிகள் கப்பலேறிய ஆண்டும் காங்கிரஸ் பிறந்த ஆண்டும் ஒன்றாயிருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நாடெங்கும் கடிதம் எழுதி, தொலைவிலிருப்பவர்களை ஒரே வேலையில் இணைக்கும் கலையைப் பறவைகளிடத்தில் பழகியவர், அதை மனிதர்களிடத்தில் செய்து காட்டினார். மற்ற வரலாறு நம் பாடநூலில் உள்ளது.

1894ல் ஹியூம் இந்தியாவை விட்டு இங்கிலாந்து திரும்பினார். பறவைகளை விட்டுச் செடிகளில் மனம் செலுத்தி, 1910ல் தெற்கு லண்டனில் ஒரு தாவரவியல் கழகத்தை நிறுவினார். 1912 ஜூலை 31ஆம் நாள், 83ஆம் வயதில் காலமானார். லண்டன் அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவு பின்னாளில் டிரிங் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. ஹியூமின் பறவைகளும் இப்போது அங்கேதான் இருக்கின்றன.