பலசாலி சாண்டோவும் ஏற மறுத்த பாரமும்

உடலைக் கட்டாக வைத்திருக்கும் இளைஞன் ஒருவனைச் சாண்டோ என்று அழைப்பது தமிழரிடையே நெடுநாளைய வழக்கம். கோயம்புத்தூரில் பிறந்து, தேகப்பயிற்சியில் பெயர் பெற்று, பின்னர் எம்.ஜி.ஆர். நடித்த பல படங்களைத் தயாரித்த சின்னப்பா தேவரின் (1915-1978) பெயருக்கு முன்னால் இச்சொல் ஒரு பட்டமாகவே நின்றது. ஆயினும் அது ஒரு மனிதரின் பெயர் என்பதையும், அம்மனிதர் ஜேர்மன் மொழி பேசும் மண்ணிற் பிறந்து, அங்கிருந்து தப்பிச்சென்ற ஒருவர் என்பதையும் அறிந்தோர் மிகச் சிலரே.

கிழக்குப் பிரசியாவின் தலைநகராயிருந்த கோனிக்ஸ்பேர்க்கில் 1867ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் பிரீட்ரிக் வில்ஹெல்ம் மியூலர் பிறந்தார். தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் வாழ்ந்து மறைந்த நகரம் அது. 1944 ஆகஸ்ட் மாதக் குண்டுவீச்சில் எரிந்து, போரின் முடிவில் சோவியத் நாட்டின் கையிற் சென்று, இன்று கலினின்கிராட் என்ற பெயரில் ரஷ்யாவுக்கு உரியதாக இருக்கிறது. அங்கு வாழ்ந்த ஜேர்மானியர் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். நம் அயல் வீடுகளில் வாழும் ஜேர்மன் முதியோரிற் சிலர், அக்கிழக்குப் பகுதிகளிலிருந்து கையில் அகப்பட்டதை மட்டும் சுமந்து ஓடிவந்தவர்களின் பிள்ளைகள். ஊரை இழப்பது இந்நாட்டவர்க்குப் புதிய கதையன்று.

மியூலர் ஊரைவிட்டுச் சென்றது அதற்கு வெகுகாலம் முன்னர், 1885இல். இளைஞர்களைப் பிரசிய அரசு கட்டாயப் படைச்சேவைக்கு அழைத்தது. அவர் போக விரும்பவில்லை. எல்லையைக் கடந்து, சர்க்கஸ் குழுக்களோடு ஊர் ஊராக அலைந்தார். பிறந்த பெயரைக் களைந்து, தாய்வழிக் குடும்பப் பெயரைத் தழுவி ஓய்கன் சாண்டோ ஆனார். ஆங்கிலேயர் வாயில் அது யூஜின் ஆயிற்று. இளமையில் தாம் நோஞ்சானாக இருந்ததாகவும், தந்தையோடு இத்தாலி சென்றபோது கண்ட பழைய சிலைகளே தம்மைப் பயிற்சிக்குத் தூண்டியதாகவும் பிற்காலத்தில் அவர் எழுதிக்கொண்டார். வரலாற்றை ஆராய்ந்தோர் இதனை முழுதாக நம்புவதில்லை. பெயரையே புதிதாக அமைத்துக்கொண்ட ஒருவர் பிள்ளைப்பருவத்தையும் சற்றுச் செப்பனிட்டிருப்பின் வியப்பதற்கில்லை.

சர்க்கஸ் வித்தைக்காரன் பெரும்பாலும் தூக்குவது தன் உடலைத்தான். கம்பியிலே தொங்குவதும், கரணமடிப்பதும், கைகளில் நிற்பதும் உடலை முறுக்கேற்றும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பயிற்சியிற் பாரம் என்றும் ஒரே அளவினதாக நிற்கின்றது. தன் உடலை எளிதாகக் கையாளும் வலிமை வந்த பின்னர், அதற்கு மேலான வலிமையைத் தேடுவதற்கு உடலுக்கு எந்தத் தேவையும் ஏற்படுவதில்லை. இருபது வயதளவில் பிரசெல்ஸ் நகரிற் பிழைப்புத் தேடி நின்ற சாண்டோவிடம் அழகிய உடல் இருந்தது. பெரும்பாரங்களைத் தூக்கும் ஆற்றல் இன்னும் வந்து சேரவில்லை.

அங்குதான் அவர் அத்திலாவைச் சந்தித்தார். பேராசிரியர் அத்திலா என்று மேடையில் அழைக்கப்பட்ட இவரின் இயற்பெயர் லூயி டுர்லாகர். 1844இல் கால்ஸ்றூகே நகரிற் பிறந்த யூதர். ஐரோப்பிய அரச குடும்பத்தினர் சிலருக்கும் பயிற்சி கொடுத்தவர். இளைஞனின் உடலைக் கண்ட அளவில் அதன் எதிர்காலத்தை அவர் கணித்துவிட்டார் என்றே சொல்லவேண்டும். தம் பயிற்சிக்கூடத்திற் சேர்த்துக்கொண்டு, இலேசான டம்பெல்களை அடிப்படைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, உண்மையான பாரங்களைச் சிறிது சிறிதாக ஏற்றித் தூக்கப் பழக்கினார்.

சிறிது சிறிதாக என்பதே இங்கு உயிரான சொல். அக்காலத்துப் பலசாலிகள் தூக்கிய குண்டுகள் வார்த்தெடுத்த இரும்பு. ஒரு குண்டு ஐம்பது இறாத்தல் என்றால் அது என்றும் ஐம்பதே. அடுத்த குண்டு எழுபத்தைந்தாக இருக்கும். ஐம்பதை எளிதாகத் தூக்குபவன் எழுபத்தைந்தைத் தொட்டவுடன் தோற்பான். மாதக்கணக்காக முயன்றும் ஏறாத பாரத்தின் முன் நின்று, தன் பலம் இவ்வளவுதான் என்று முடிவு செய்துவிடுவான். உண்மையில் பலம் முடிந்துவிடவில்லை. இரு படிகளுக்கு இடைப்பட்ட உயரமே அதிகமாயிற்று. தண்டின் இருமுனையிலும் உள்ளீடற்ற உருண்டைகளைப் பொருத்தி, அவற்றினுள் ஈயக்குண்டுகளையோ மணலையோ இட்டு நிரப்பும் பார்பெல் அத்திலாவின் பெயரோடு இணைத்துக் கூறப்படுகின்றது. ஒரு கைப்பிடி ஈயம் சேர்த்தால் ஒரு கைப்பிடி பாரம் கூடும். உடல் அந்த வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும். அடுத்த வாரம் இன்னொரு கைப்பிடி.

இன்று ஜேர்மன் நகரங்களிலுள்ள பயிற்சிக்கூடங்களில் நம் இளைஞர் பலரைக் காணலாம். வழக்கின் முடிவை எதிர்பார்த்திருக்கும் காலத்தில், நாளைக் கழிக்கவும் மனத்தைக் காக்கவும் மாலையில் இரும்பைத் தூக்குவது சிலருக்குப் பெருந்துணை. முதல் மூன்று நான்கு மாதங்கள் பாரம் விரைவாக ஏறும். பிறகு ஒரு நாள் நின்றுவிடும். பெரும்பாலோர் இங்கே இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள்: ஏறாத அதே பாரத்தோடு நாள்தோறும் மல்லுக்கு நிற்கிறார்கள், அல்லது யாரோ ஒருவர் இரகசியமாக விற்கும் மாத்திரையையும் ஊசியையும் நாடுகிறார்கள். பின்னையது இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். ஆண்மை நீரின் இயல்பான சுரப்பையும் அடக்கிவிடும்.

முதல் மாதங்களின் வேகம் தசை பெருத்ததால் மட்டும் வந்ததன்று. உள்ள தசையை ஒருங்கே இயக்குவதற்கு நரம்புகள் கற்றுக்கொண்டதே அதிற் பெரும்பங்கு. அக்கல்வி முடிந்தபின் தசை வளரவேண்டும்; அது மெதுவாகவே வளரும். அப்போது ஏற்றும் படி சிறிதாக இருத்தல் அவசியம். டம்பெல் 20 கிலோவிலிருந்து 22.5 கிலோவுக்குத் தாவும்போது பாரம் நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம் கூடுகிறது. ஐம்பது கிலோ பார்பெல்லின் இருபுறமும் 1.25 கிலோ தட்டொன்றைச் சேர்த்தாற் கூடுவது நூற்றுக்கு ஐந்து மட்டுமே. முன்னையதில் தோற்பவன் பின்னையதில் வெல்வது இந்தக் கணக்கினால்தான். சில வேளைகளிற் பலம் இருக்கும். களைப்பு அதை மறைத்திருக்கும். ஒரு வாரம் பாரத்தைப் பாதியளவாகக் குறைத்து, நன்கு உறங்கி, பருப்பும் முட்டையும் மீனும் குறைவறச் சாப்பிட்டு மீண்டவன், நின்ற இடத்தைத் தாண்டிச் செல்வதைப் பலமுறை கண்டிருக்கிறோம்.

அத்திலா கற்பித்த இன்னொன்று, தூக்கும் முறையையே மாற்றுவது. வளைந்து தூக்கும் ஒற்றைக்கைத் தூக்கு அக்காலத்திற் பெரும் புகழ் பெற்றது. பாரத்தை ஒரு கையால் தோள்மட்டத்தில் ஏந்தவேண்டும். அதை மேலே தள்ளுவதற்குப் பதிலாக, உடல் எதிர்ப்பக்கம் சாய்ந்து கீழே இறங்கும். பாரம் நின்ற உயரத்திலேயே நிற்க, உடல் தாழ்வதனாற் கை நிமிர்ந்துவிடும். கை நேரானபின் எலும்பின் மீதே சுமை தங்கும். அப்போது எழுந்து நிற்கலாம். தோளின் தசையால் ஒருபோதும் தள்ளமுடியாத பாரத்தை இம்முறையால் உயர்த்தமுடிந்தது. சாண்டோ 120 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பாரத்தை இவ்வாறு உயர்த்தியதாகச் சொல்லப்படுகிறது. முதுகுக்கு ஆபத்தான இந்த வித்தையை ஆசிரியரின்றி எவரும் முயலவேண்டாம்.

1889இல் இலண்டனில் சாம்சன் என்ற பலசாலி, தன்னை வெல்வோருக்குப் பரிசுப்பணம் தருவதாக மேடையில் அறைகூவி வந்தார். அத்திலாவின் தூண்டுதலால் சாண்டோ அங்கு சென்றார். ஒக்ரோபர் 29ஆம் நாள் சாம்சனின் சீடரையும், நவம்பர் 2ஆம் நாள் சாம்சனையும் வென்றார். ஒரே வாரத்தில் இலண்டன் முழுதும் அவர் பெயர் பரவியது. குருவும் சீடரும் பின்னர் பிரிந்து தத்தம் வழியே சென்றனர். அத்திலா 1894இல் நியூயோர்க்கிற் பயிற்சிக்கூடம் திறந்து, 1924இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

சாண்டோவும் அமெரிக்கா சென்றார். 1893இல் உலகக் கண்காட்சி நடந்த சிக்காகோவில், புளோரன்ஸ் சீக்பெல்ட் என்ற நிகழ்ச்சி அமைப்பாளரின் மேடையில் அவர் தோன்றினார். அடுத்த ஆண்டு எடிசனின் படப்பிடிப்புக் கூடத்தில் எடுக்கப்பட்ட சில வினாடிப் படத்தில், அவர் தசைகளை அசைத்துக்காட்டுவதை இன்றும் பார்க்கலாம். சிக்காகோவில் அவரைக் கண்டு வியந்தவர்களுள் அலன் கால்வேட் என்ற இளைஞரும் ஒருவர். அத்தகைய உடலைப் பெறக் கருவி எங்கே கிடைக்கும் என்று தேடி, எங்கும் கிடைக்காமற்போகவே, 1902இல் பிலடெல்பியாவில் தாமே ஒரு நிறுவனத்தைத் தொடங்கிப் பாரம் கூட்டிக் குறைக்கும் பார்பெல்களைச் செய்து விற்றார். கருவியோடு ஒரு முறையையும் அவர் கொடுத்தார். பாரத்தை மாற்றாமல் தூக்கும் தடவையை முதலிற் கூட்டவேண்டும். ஐந்து தடவை பத்தாகும்வரை பொறுத்திருந்து, பிறகு சிறிது பாரம் சேர்த்து மீண்டும் ஐந்திலிருந்து தொடங்கவேண்டும். இன்றைய பயிற்சியாளர் பலரும் சொல்லிக்கொடுப்பது இதையே.

ஆனால் சாண்டோ தாம் விற்றதோ வேறொன்று. 1897இல் இலண்டன் சென்ட் ஜேம்ஸ் வீதியில் உடற்பயிற்சி நிலையம் திறந்தார். மறு ஆண்டு சஞ்சிகை தொடங்கினார். அஞ்சல் மூலம் பாடங்களும், ஐந்து இறாத்தல் டம்பெல்களும், கைக்குள் அழுத்தும் சுருள்வில் பூட்டிய டம்பெல்களும் பல்லாயிரக்கணக்கில் விற்பனையாயின. அலுவலகத்திற் குனிந்திருந்து நோயுற்ற எழுத்தர்களுக்கு அவை நன்மையே செய்தன என்பதை மறுக்கலாகாது. எனினும் அவற்றால் எவரும் சாண்டோவாக முடியாது. ஐந்து இறாத்தலை நூறு முறை தூக்குபவன் நூற்றோராவது முறையும் தூக்கப் பழகுவானே தவிர, ஐம்பது இறாத்தலைத் தூக்கக் கற்றுக்கொள்ளமாட்டான். தம்மை ஏற்றிவிட்ட ஏணியை மறைத்துவிட்டு, ஏணியின் முதற்படியை மட்டும் ஊருக்கு விற்றார் என்று நான் கருதுகிறேன்.

இதை முகத்துக்கு நேரே சொன்னவர் இன்னொரு ஜேர்மானியர். லைப்சிக் நகரில் 1878இல் பிறந்த ஆதர் ஹென்னிக், மேடையில் ஆதர் சாக்சன் எனப்பட்டார். இலேசான டம்பெல்களாற் பெருவலிமை வராது என்பது அவருடைய உறுதியான கொள்கை. 1898 பெப்ரவரியில் ஷெபீல்ட் நகரில் சாக்சனின் அறைகூவலை ஏற்றுச் சாண்டோ மேடையேறினார். அன்றிரவு தாங்கள் சாண்டோவை வென்றதாகச் சாக்சன் குழுவினர் சுவரொட்டி அடித்தனர். சாண்டோ நீதிமன்றம் சென்றார். வழக்கு எவ்வாறாயினும், இரும்பின் தீர்ப்பு பின்னர் வந்தது: 1905இல் ஸ்ருட்காட் நகரில் சாக்சன் ஏறத்தாழ 168 கிலோவை அதே வளைந்த தூக்கில் ஒற்றைக் கையால் உயர்த்தினார். சாண்டோ அந்த எல்லையை நெருங்கியதே இல்லை.

சாண்டோவின் பெருமை வேறிடத்தில் இருந்தது. 1901 செப்ரெம்பர் 14ஆம் நாள் இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தில் அவர் நடத்திய போட்டியில், தூக்கிய பாரத்துக்கன்றி உடலின் அமைப்புக்குப் பரிசு வழங்கப்பட்டது. துப்பறியும் கதைகளால் உலகறிந்த எழுத்தாளர் ஆதர் கொனன் டொயில் நடுவர்களில் ஒருவர். இன்றைய ஆணழகன் போட்டிகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி. 1977 முதல் மிஸ்டர் ஒலிம்பியா வெற்றியாளருக்கு அளிக்கப்படுவது சாண்டோவின் சிலையே. 1904-05இல் அவர் இந்தியாவிலும் சுற்றிவந்து காட்சிகள் நடத்தினார். அவர் பெயர் நம் மொழியிற் குடியேறியதற்கு அப்பயணம் பெரிதும் காரணமாயிற்று.

1906இல் அவர் பிரித்தானியக் குடியுரிமை பெற்றார். 1911இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் அவரைத் தம் உடற்பயிற்சி ஆசானாக நியமித்தார். ஆயினும் 1914இல் போர் மூண்டதும், அயலவர் கண்ணில் அவர் மீண்டும் ஜேர்மானியராகிவிட்டார். அவர் பெயரில் விற்பனையான கொக்கோ நிறுவனம் போருக்கு நடுவே வீழ்ந்தது. பிரசியப் படைக்குத் தப்பி ஓடியவர் என்பதை எவரும் நினைவிற் கொள்ளவில்லை. சாக்சனோ ஜேர்மன் படையிற் பணியாற்றி, நலிந்து திரும்பி, 1921இல் தம் 43ஆம் வயதில் இறந்தார்.

சாண்டோ 1925 ஒக்ரோபர் 14ஆம் நாள் இலண்டனில், 58 வயதில் மறைந்தார். சகதியிற் சிக்கிய மோட்டார் வண்டியைத் தூக்கியதால் வந்த கேடு என்று ஒரு கதை பரவியது. குடும்பத்தின் விருப்பப்படி, புட்னி வேல் மயானத்திற் பெயர் பொறிக்கப்படாத குழியில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். எழுபத்தேழு ஆண்டுகளின் பின், 2002இல், அவரைப் போற்றிய ஒருவர் அங்கே ஒரு கல் நாட்டினார். 2008இல் அவர் வழித்தோன்றல் ஒருவர் அதை அகற்றி, ஒன்றரைத் தொன் எடையுள்ள இளஞ்சிவப்பு மணற்கல் ஒன்றை நிறுத்தினார். அதில் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டிருப்பது, பதினெட்டு வயதில் ஊரைவிட்டுச் சென்றவர் தாமே தெரிந்தெடுத்துக்கொண்ட அந்தப் பெயர் மட்டுமே.