மதுரையிற் பிறந்த கணிதப் பேராசான்

இலக்கமுறைச் சுற்றுகளைப் பயிலும் நம் தொழினுட்ப மாணவர், டி மோர்கன் என்பதை ஒரு விதியின் பெயராகவே அறிவர். அவ்விதிக்குரிய ஒகஸ்தஸ் டி மோர்கன் 1806ஆம் ஆண்டு யூன் 27ஆம் நாள் மதுரையிலே பிறந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி ஒருவரின் மைந்தர் அவர். சிசுப் பருவத்திலேயே வலக்கண் பார்வையை இழந்தார். ஏழாம் மாதத்திலே இங்கிலாந்து கொண்டு செல்லப்பெற்றார். 1816இல் தந்தையையும் இழந்தார். எனினும் கேம்பிரிட்ஜிலே பயின்று, 1827இற் கணிதத் தேர்வில் நான்காமவராகத் தேறினார். மேற்பட்டம் பெறச் சமய உறுதிமொழியிற் கையொப்பமிட வேண்டியிருந்தது. மனச்சான்று இடங்கொடாமையால் அதனை மறுத்து, அங்கே பெறக்கூடிய பதவியையும் துறந்தார். அத்தகைய சோதனை இல்லாத இலண்டன் பல்கலைக்கழகம், 1828இல் அவரைத் தன் முதற் கணிதப் பேராசிரியராக ஏற்றது. தில்லிக் கணித அறிஞர் இராமச்சந்திரரின் நூல் 1859இல் இலண்டனிலே வெளிவர உதவியவரும் அவரே. 1866இல், சமயக் கொள்கை காரணமாக ஓர் அறிஞருக்குப் பதவி மறுக்கப்பட்டபோது, தம் ஆசனத்தை விட்டு நீங்கினார்; 1871இல் மறைந்தார். கல்விக்காகச் சமயத்தைக் கைவிடலாகாது என்னும் நோக்குடன் எழுந்த இந்துக் கல்லூரிகளின் மாணவராகிய நாம், இத்துறவின் அருமையை நன்குணர்வோம்.

அவர் விதியை நம் புத்தளத்து உப்பளத்திலே காணலாம். உப்பு விளைய வெயிலும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டும் ஒருங்கே வாய்க்கவில்லையெனின், வெயிலேனும் காற்றேனும் தவறியிருத்தல் வேண்டும். இரண்டில் ஒன்றுகூட வாய்க்கவில்லையெனின், வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. முன்னையது நான்ட் படலையின் இயல்பு. பின்னையது நோர் படலையின் இயல்பு. முன்னோர் சொல்லளவில் அறிந்திருந்த இவ்வுண்மையை அவர் குறியீட்டு வடிவிலே நிறுவினார்.

இனித் தொடர் தருக்கச் சுற்றுக்கு வருவோம். நீர்த்தாங்கி ஒன்றிலே மேலும் கீழுமாக இரு மிதவைகள் உள. நீர் கீழ்மிதவைக்குத் தாழ்ந்தால் நீரிறைக்கும் பொறி ஓடத் தொடங்கவேண்டும். மேல்மிதவையைத் தொட்டால் நிற்கவேண்டும். நீர் நடுவே நிற்கையில், ஏறினும் இறங்கினும், மிதவைகள் தரும் செய்தி ஒன்றே. ஆயினும் ஏறுகையிற் பொறி ஓடவேண்டும், இறங்குகையில் ஓய்ந்திருக்கவேண்டும். ஆகவே, முன்னர் நிகழ்ந்ததைச் சுற்று நினைவில் வைத்தல் வேண்டும். நோர் படலைகள் இரண்டை எடுத்து, ஒன்றன் வெளியீட்டை மற்றதன் உள்ளீடாகப் பிணைத்தால் அந்நினைவு பிறக்கும். 1918இல் எக்கிள்ஸ், யோர்டான் எனும் இருவர் வால்வுகளைக் கொண்டு இவ்வாறு பிணைத்தமைத்த சுற்றே பிளிப் புளொப்பின் முன்னோடி. நான்ட் படலைகளே கைவசம் உளவெனின், டி மோர்கன் விதிப்படி உள்ளீடுகளைத் தலைகீழாக்கி அதே பணியைச் செய்விக்கலாம்.

2011இல் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல்மின் நிலையம் நம் கரையிலேயே உளது. இத்தகைய நிலையங்களின் பொறிகளை முறைப்படி தொடக்கி நிறுத்துவதும் இந்நினைவுத் தருக்கமே. அங்குப் பணிபுரிய விழையும் நம் இளைஞர், உண்மை அட்டவணையை மனனஞ் செய்வதோடு அமையலாகாது. பரீட்சைக்காக நெட்டுருப் பண்ணுதலை வெறுத்து, காரணங் கண்டு கற்கவே தம் மாணவரைத் தூண்டியவர் டி மோர்கன். சுற்றொன்று பழுதுற்றவிடத்து அட்டவணை கைகொடாது. காரணமறிந்த அறிவே கைகொடுக்கும்.