திமிங்கிலத்தின் சாப்பாட்டைத் தேடியவர்

பாபநாசம் படித்துறையில் மீன்களுக்குப் பொரி போடாத யாத்திரிகர் அபூர்வம். பொரி கிடைக்காத நாளில் அவை எதைத் தின்கின்றன, அவற்றை எது தின்கிறது என்று யோசிப்பவர் அதைவிட அபூர்வம். இந்தக் கேள்வியைச் சமுத்திரத்திடமே கேட்டவர் சர் அலிஸ்டர் ஹார்டி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி.

1896-ல் நாட்டிங்காம் நகரில் பிறந்த அவர், முதலில் ஆராய்ந்தது ஹெர்ரிங் மீனை. நம் சாளைக்கு அது உறவு. அதன் இரை எது, அந்த இரைக்கு இரை எது என்று கோடிட்டு இணைத்து 1924-ல் அவர் வெளியிட்ட படம் சிலந்தி வலைபோல் இருந்தது. உணவு வலையைக் காட்டிய ஆரம்பகாலப் படங்களில் அது ஒன்று.

அந்நாளில் தென் துருவக் கடலில் எண்ணெய்க்காகத் திமிங்கிலங்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்தார்கள். இப்படியே போனால் எத்தனை நாள் தாங்கும் என்று ஆங்கிலேய சர்க்காருக்குக் கவலை பிறந்தது. திமிங்கில எண்ணெய் மீது விதித்த வரிப் பணத்திலேயே ஆராய்ச்சியும் தொடங்கியது! 1925-ல் ‘டிஸ்கவரி’ கப்பல் புறப்பட்டபோது, ஹார்டி அதில் தலைமை விலங்கியல் நிபுணர்.

தெற்கு ஜார்ஜியா தீவில், குடலைப் புரட்டும் நாற்றத்துக்கு நடுவே, அவருடைய சகாக்கள் நூற்றுக்கணக்கான திமிங்கிலங்களை அளந்து இரைப்பைகளைச் சோதித்தார்கள். உள்ளே இருந்தது கிரில். இறாலைப் போன்ற, சுண்டுவிரல் நீளப் பிராணி. முப்பது மீட்டர் வரை வளரும் நீலத் திமிங்கிலத்துக்கு இதுதான் ஆகாரம். அந்தக் கிரிலுக்குச் சோறு போடுவது யார்? ஹார்டி கடலெங்கும் மெல்லிய வலை இழுத்தார். டயாட்டம் என்னும் நுண்ணிய பாசிகளே அதன் முக்கிய இரை. வெயிலில் பாசி, பாசியில் கிரில், கிரிலில் திமிங்கிலம். மலை போன்ற உடலுக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு படி!

எல்லாத் திமிங்கிலமும் இப்படியல்ல. 2016 ஜனவரியில், தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்குத் தெற்கே, மணப்பாடு கரையோரம் ஒதுங்கிய சுமார் எண்பது திமிங்கிலங்கள் பல்லுள்ள ஜாதி. கணவாய்தான் அவற்றுக்குப் பிரதான இரை.

ஹார்டி கோஷ்டி கண்டறிந்ததெல்லாம் வேட்டைக்காரர் கையை உடனே தடுத்துவிடவில்லை. 1930-31 பருவத்தில் மட்டும் தென் கடலில் 29,000-க்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் மடிந்தன. வியாபார வேட்டையை நிறுத்த 1982-ல்தான் சர்வதேசக் கமிஷன் தீர்மானித்தது. அது முழுமையாக அமலுக்கு வந்தது 1986-ல். ஹார்டி 1985 மே மாதமே காலமாகிவிட்டார்.

பட்டுத்துணிச் சுருளில் கடலின் நுண்ணுயிர்களைப் பிடிக்க அவர் செய்த கருவியை மட்டும் சரக்குக் கப்பல்கள் இன்றும் இழுத்துச் செல்கின்றன.